வளைவுச் சோதனை

ஹமில்டன், பார்ட்டன் தெருவின் கிழக்குமுனை.
பழைய டயர்க் கடைக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட சோதனைக் கூடம்.
கதவு திறக்கும்போதெல்லாம்
ஏரிக்காற்று எங்களை முந்தி வந்து வரிசையில் நிற்கும்.

டெல்வெக்கியோ பட்டியலில் என் பெயரைத் தேடுவான்.
தவரஞ்சினி.
பாதிவரை வந்து மூச்சு வாங்குவான்: "தவர..."
அவன் நாக்கில் அந்த ரகரம் வல்லினமாகிவிடும்.
தவற.
தமிழ் தெரியாதவன் வாயில்
தீர்ப்பு முன்கூட்டியே வந்துவிட்டதென்று
சிரிப்பு வரும். சிரிக்கமாட்டேன்.
ஒரு சோதனைக்கு நானூற்றுப் பத்து டொலர்.

இரண்டு இரும்புத் தகடுகளை நிமிர்த்தி
கீழிருந்து மேலாக ஒட்டவேண்டும்.
பிறகு அதை இருவிரல் அகலத்தில்
பட்டை பட்டையாய் அறுத்து, எண் பொறித்து,
எந்திரத்தில் வைத்து லாடம் போல வளைப்பான்.
வெடிக்காவிட்டால் நீ வெல்டர்.
வெடித்தால், பஸ் தரிப்பு வலப்பக்கம்.

முதல்முறை, புரட்டாதியில், வெடித்தது.
முருங்கைக்காய் முறிகிற சத்தம், அவ்வளவுதான்.
இரண்டாம் முறை கார்த்திகையில்.
அன்றிரவு கோழி ஆலையில்
கையுறை மாட்டியபடி ரொவேனா கேட்டாள், என்ன நடந்ததென்று.
"வளைந்தது" என்றேன்.
பொய்யில்லை.

தோல்விதான் வெற்றியின் முதற்படி என்று
அக்காவின் மகன் ஒரு படம் அனுப்பினான்,
பின்னால் சூரியன் உதிக்கிறது.
முதற்படி சரி, தம்பி. இது இரண்டாவது.
மாடி எங்கே?

மூன்றாவதற்குக் காசு சேர எட்டுக் கிழமை.
எட்டுக் கிழமையும் உடைந்த பட்டைகள்
குசினி மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்.
சாப்பிடும்போது பார்ப்பேன். திட்டுவேன்.
ஒருநாள் மகளின் உருப்பெருக்கியை எடுத்து
வெடித்த வாய்க்குள் பார்த்தேன்.
கடுகளவு கறுப்பு.
கசடு.
மற்றதிலும் அதே கறுப்பு.
பொறித்த எண்ணை வைத்து
தகட்டில் அவை இருந்த இடத்தைத் தாளில் குறித்தேன்.
இரண்டும் ஒரே உயரம்.

அந்த உயரத்தில்தான்
என் கம்பி தீர்ந்து புதுக்கம்பி மாட்டுவேன்.
ஓடிய இடமெல்லாம் நல்ல ஒட்டு.
நின்று, திரும்பத் தொடங்கிய இடத்தில் மட்டும்
சுரண்டாமல், துடைக்காமல்,
கை நடுங்கியதை யாரும் பார்க்குமுன்
மூடிவிடுகிற அவசரத்தில்
மேலே பூசியிருக்கிறேன்.

வவுனியாவில் பாதியில் விட்ட கணக்கியல்.
மார்க்கத்தில் பங்குக்குத் திறந்து மூடிய சாப்பாட்டுக் கடை.
அடுத்த நாளே எதுவும் நடக்காததுபோல் உடுத்த சிவப்புச் சேலை.
இதை அதிகம் இழுக்க விரும்பவில்லை.
இரும்பு இரும்பைப் பற்றித்தான் பேசும்.

சனிக்கிழமைப் பயிற்சியில்
ஒட்டுவதை விட்டு, நிறுத்துவதைப் பழகினேன்.
நிறுத்து. தட்டு. கம்பித் தூரிகை.
வெள்ளி தெரியும்வரை.
பள்ளத்துக்குச் சற்று மேலே தீ மூட்டி,
பின்னுக்கு இறங்கி, பள்ளம் நிறையவிட்டு,
பிறகு ஏறு.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது.

தை. எந்திரம் இறங்குகிறது.
பட்டை வளைகிறது, இன்னும் வளைகிறது,
நான் முருங்கைக்காய்க்குக் காத்திருக்கிறேன்.
சத்தமில்லை.
டெல்வெக்கியோ வளைவை விரலால் தடவிவிட்டு
"தவர..." என்றான்.
"ஞ்சினி" என்று மீதியை நானே சொன்னேன்.

உடையாத அந்தப் பட்டையை
எங்கோ தொலைத்துவிட்டேன், பஸ்ஸில்தான் போலிருக்கிறது.
உடைந்தவை இருக்கின்றன.
ஒன்று கோடையில் குசினி யன்னலைத் திறந்து பிடிக்கும்.

வேலையில் முதல்நாள் ஒரு மாடிப்படிக் கைப்பிடி.
நாலாவது ஒட்டு பிழைத்தது,
எந்த அர்த்தத்தில் என்று கேட்காதீர்கள்.
யாரும் பார்க்கவில்லை.
கிரைண்டரை எடுத்து
அடிவரை தோண்டினேன்.